பன்னிரண்டு டிகிரி இதம்

மெழுகு என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவனுடைய மச்சான்தான். இருவருக்கும் குளிர்கிடங்கில் மீன் பெட்டி தூக்கும் வேலை. உள்ளே போனால் கெட்டியாகிறான், வெளியே வந்தால் உருகுகிறான், இவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா என்று மச்சான் ஒருநாள் கேட்டான். அதோடு சரி. அப்பா அம்மா வைத்த பெயர் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

வேலை எளிமையானது. கிடங்கின் உள்ளே மைனஸ் இருபது டிகிரி. வெளியே லாரி நிற்கும் முற்றத்துக்குத் தகரக் கூரை. கோடையில் அங்கே நாற்பத்து நான்கு. நடுவில் ஒரு முழம் கனத்தில் இரும்புக் கதவு. உள்ளேயிருந்து பெட்டியைத் தூக்கு, வெளியே லாரியில் அடுக்கு, மறுபடி உள்ளே போ. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். மெழுகுக்கு ஒரு கால் பனியில், மறு கால் அடுப்பில். முற்றத்தில் வேர்த்து நனைந்த சட்டை கிடங்குக்குள் நுழைந்ததும் அட்டையாக விறைக்கும். குனிந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்கும். யார் எங்கே குனிகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இப்படியே பதினைந்து வருடம் ஓடியது. பதினாறாவது வருடம் அவனுடைய இடக்கைச் சுண்டுவிரல் வேலைநிறுத்தம் செய்தது. முதலில் வெளுத்தது. பிறகு நீலமானது. பிறகு நுனி மட்டும் கருகிய திரி மாதிரி ஆகிவிட்டது. பெயருக்கேற்ற வியாதி என்று மச்சான் சொன்னான். அக்காள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அந்த அக்காள்தான் மெழுகின் மனைவி. தெருமுனையில் ஒரு மிஷினைப் போட்டுத் துணி தைப்பவள். ஊருக்கெல்லாம் அவள் தையல்காரி. புருஷனை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா விரலைக் குண்டூசியால் குத்திப் பார்த்தார். மெழுகு அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். குத்தியதே அவனுக்குத் தெரியவில்லை.

"கனமான கம்பளிக் கையுறை வேணும். அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் கதகதப்பா உட்காரணும். இது ரெண்டும் கிடைச்சா விரல் பிழைக்கும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா, விரலை மறந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கே தையல்காரி பழைய கம்பளியை வெட்டி ஒரு ஜோடி கையுறை தைத்துக் கொடுத்தாள். மறுநாளே மேலாளர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அங்கீகாரம் இல்லாத கையுறையாம். மீன் பெட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வதாம். மேலாளர் கெட்டவர் அல்லர். அவரே சொன்னார்.

"நான் கெட்டவன் இல்லப்பா. சட்டம் சொல்லட்டும், கையுறை என்ன, தலையிலேர்ந்து கால் வரைக்கும் போத்தி விடறேன். ஆனா சட்டத்த மீறி நல்லது செய்ய எனக்கு அதிகாரம் இல்ல."

அந்தச் சட்டத்தைக் கட்டிக் காப்பதற்கென்றே ஊர் நடுவில் ஓர் அலுவலகம் இருந்தது. கடும்வெப்ப கடுங்குளிர்ப் பணியாளர் பாதுகாப்பு இயக்ககம். பெயர் நீளம், கட்டடம் குட்டை. ஆகவே பலகை கட்டடத்தின் மூலையில் மடிந்து அடுத்த தெருவுக்குள் போயிருந்தது. இந்தத் தெருவிலிருந்து பார்த்தால் 'கடும்வெப்ப கடுங்குளிர்ப் பணி' என்று தெரியும், அது உண்மை. அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் 'யாளர் பாதுகாப்பு இயக்ககம்' என்று தெரியும். அந்த யாளர் யாரோ, புண்ணியம் செய்தவர். இயக்ககம் அவரைத்தான் இத்தனை வருடமாகப் பாதுகாத்து வந்திருக்க வேண்டும்.

மனுக் கொடுப்பவர்கள் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். கூரை போடுவது பற்றிய கோப்பு பரிசீலனையில் இருப்பதாக ஒரு பலகை சொன்னது. அந்தப் பலகையின் நிழலில் மூன்று பேர் நிற்கலாம். மெழுகு நான்காவது ஆள்.

உள்ளே இரண்டு அறைகள். ஒன்று வெப்பப் பிரிவு. அங்கே ஏசி வெறிபிடித்து ஓடியது; அதிகாரி ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். அடுத்தது குளிர்ப் பிரிவு. அங்கே ஏசி செத்து நான்கு வருடம் ஆகிறது. அதிகாரி பனியனோடு உட்கார்ந்து கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்து வைத்தால் இரண்டு பேருக்கும் சுகம். ஆனால் சாவி எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்ற விவகாரம் முடியவில்லை. ஆகவே ஒருவர் நடுங்கியும் ஒருவர் வேர்த்தும் நாட்டின் தொழிலாளர்களைக் காத்து வந்தார்கள்.

மெழுகு முதலில் வெப்பப் பிரிவில் நின்றான். மப்ளர் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, அரை நாள் வெயில், அரை நாள் குளிர்கிடங்கா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

"அப்ப உனக்கு அரை நாள் குளிர்சாதன வசதி குடுத்திருக்காங்க. தார் ரோடு போடறவன் அதுக்கு ஏங்கறான்பா. போ, போ."

குளிர்ப் பிரிவுக்குப் போனான். பனியன் அதிகாரி அதே மனுவைப் படித்தார். குளிரில் வேலை செய்பவன் இடையிடையே வெளியே வந்து சூடேற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இவனோ ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை நாற்பத்து நான்கு டிகிரிக்கு வந்து போகிறான். சட்டம் கேட்பதைவிடப் பல மடங்கு அதிகமாகவே இவன் கம்பெனி இவனைச் சூடேற்றி வருகிறது. இதை விளக்கிச் சொல்லிவிட்டு, உன் முதலாளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன் என்றார். மெழுகுக்குத் தலை சுற்றியது. வெயிலுக்கு மருந்து குளிர், குளிருக்கு மருந்து வெயில். அப்படியானால் தன் விரலைத் தின்றது யார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஒரே மனு இரண்டு பிரிவிலும் ஏறி இறங்கியதால் விஷயம் இயக்குநரிடம் போனது. அதற்குள் முதல் வாரம் முடிந்திருந்தது. இயக்குநர் பெரிய படிப்பாளி. மேசையில் மூன்று கால்குலேட்டர் வைத்திருந்தார். மூன்றிலும் போட்டுப் பார்த்து, மூன்று விடைக்கும் சராசரி எடுத்த பிறகே முடிவுக்கு வருவார்.

"மைனஸ் இருபது, ப்ளஸ் நாப்பத்தி நாலு. கூட்டி ரெண்டால வகுத்தா பன்னெண்டு. நீ வேலை பாக்கறது பன்னெண்டு டிகிரியில" என்றார் அவர். மெழுகை விட அவருக்குத்தான் அதில் சந்தோஷம். "சட்டத்துக்கு முன்னாடி எல்லா டிகிரியும் சமம். ஒண்ண மட்டும் தூக்கி வெச்சுப் பேசக் கூடாது."

"ஐயா, உள்ள இருக்கும்போது விரல் உள்ளதானுங்களே இருக்கு. சராசரியில எங்க இருக்கு?"

"விரல் உணர்ச்சிவசப்படலாம். துறை படக் கூடாது."

"அதுக்கு உணர்ச்சியே இல்லீங்க. அதாங்க பிரச்சினை."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். மனுதாரரே உடல் அவதி எதையும் உணரவில்லை என்று பிறகு உத்தரவில் வந்தது.

கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிளம்பிய பூதத்துக்கு ஐந்து பக்கம். பன்னிரண்டு டிகிரி என்பது சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி 'இதமான சூழல்' என்று முதல் பக்கம் சொன்னது. கையுறை தேவையில்லை என்று இரண்டாம் பக்கம். இத்தகைய இதத்தை நாடி மக்கள் மலைப் பிரதேசங்களுக்கு விடுமுறையில் செல்வது உலகறிந்தது என்று மூன்றாம் பக்கம். ஆகவே நாள்தோறும் எட்டு மணி நேரம் அந்த இதத்தில் இருப்பவர் ஓய்வில் இருப்பவராகவே கருதப்படுவார். அவருக்கு மீதமுள்ள பதினைந்து நாள் ஆண்டு விடுப்பும் அனுபவிக்கப்பட்டதாகக் கழிக்கப்படுகிறது என்று நான்காம் பக்கம். ஐந்தாம் பக்கம் முழுக்கக் கையெழுத்து.

வீட்டில் தையல்காரி அதை இரண்டு முறை படித்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறேன். நீங்க மட்டும் தினம் மலைக்குப் போய்ட்டு வந்திருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அவனுடைய இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலாளர் உத்தரவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். மேலே சிவப்பு எழுத்தில், 'அரசுச் சான்று பெற்ற இதமான பணியிடம்.' உத்தரவோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. கதவை அடிக்கடி திறந்து மூடுவதால் வெப்பநிலை சட்டென்று மாறித் தொழிலாளர் நலம் கெடுகிறதாம். எனவே மூடிய கதவை இருபது நிமிடத்துக்குத் திறக்கக் கூடாது. அவசரமானால் இயக்குநரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். ஆறு நிமிடத்தில் வெளியே ஓடி வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது இருபது நிமிடம் உள்ளேயே நின்றார்கள். முதல் நாள் மெழுகு குளிர் பொறுக்காமல் ஒன்பதாவது நிமிடம் கதவைத் திறந்துவிட்டான். மறுநாள் இயக்ககத்திலிருந்து மெமோ வந்தது. தன் நலத்துக்குத் தானே ஊறு விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. மெழுகு பயந்த சுபாவம். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் கதவுப்பிடியைத் தொடவில்லை.

மூன்றாவது வாரம்தான் கூத்து நடந்தது.

இயக்ககத்துக்கு ஆண்டுதோறும் ஒரு மாநாடு உண்டு. எப்போதும் ஏதாவது குளிர்ச்சியான மலையில் நடக்கும். தொழிலாளர் படும் வெக்கையைப் பற்றி அங்கேதான் நிதானமாக யோசிக்க முடியும். இந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் கோப்பில் ஒரு குறிப்பு எழுதிவிட்டான்: துறையே இதமானது என்று சான்றளித்த இடம் ஊருக்குள் இருக்க, மலை ஏறுவானேன்? பதில் சொல்ல முடியாத கேள்வி. மறுத்தால் உத்தரவு பொய்யாகும். இயக்குநர் தாம் கையெழுத்துப் போட்டதை நம்புகிறவர். சரி என்றார்.

பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். அரைக்கைச் சட்டை, மெல்லிய செருப்பு. பனியன் அதிகாரி மரியாதைக்கு ஒரு சட்டை போட்டிருந்தார். மப்ளர் அதிகாரி, பன்னிரண்டு டிகிரி தன் அறையைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று, மப்ளரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவர் கையில் கேமரா, ஒருவர் கக்கத்தில் சதுரங்கப் பலகை. மேலாளர் முகம் வெளிறிவிட்டது. உள்ளே போகாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். தலைக்கு மேல் சட்டம் போட்ட சான்று தொங்கியது. வாயை மூடிக்கொண்டார்.

பதினான்கு பேரும் உள்ளே போனார்கள். கதவுப் பொறுப்பு மெழுகுக்கு. அவனும் மச்சானும் பின்னால் போய்க் கதவை மூடினார்கள். மெழுகு நேரத்தைப் பார்த்துக்கொண்டான்.

இயக்குநர் மீன் பெட்டிகளுக்கு முன்னால் நின்று தொடக்கவுரையை ஆரம்பித்தார். சில தொழிலாளர்கள் வெப்பம் என்றும் குளிர் என்றும் பிரித்துப் பார்த்துக் குறுகிய மனத்தோடு குறை சொல்கிறார்கள். துறை அனைத்தையும் அரவணைத்துப் பார்க்கிறது. தனி மனிதன் சாவான், சராசரி சாகாது என்றார். கைதட்டினார்கள். கை சூடாகும் என்று தெரிந்ததும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"ச... ச... ச..." என்றார் இயக்குநர் அடுத்ததாக. சராசரி என்று சொல்லத்தான் முயன்றார். முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை.

நான்காவது நிமிடம் சதுரங்கப் பலகை கீழே விழுந்தது. ஆறாவது நிமிடம் மாநாடு கதவருகே கூடியது. திற என்றார்கள்.

"எழுத்துல குடுத்தா உடனே திறந்துடறேங்க ஐயா" என்றான் மெழுகு, நிஜமான பவ்யத்தோடு. "போன வாரம்தான் மெமோ குடுத்தீங்க. சுற்றறிக்கை இங்கயே ஒட்டியிருக்கு பாருங்க."

இயக்குநர் பேனாவை எடுத்தார். மை உறைந்திருந்தது. அடுத்தவர் பேனாவும் அப்படியே. பதினான்கு பேர் சட்டைப்பையில் பத்தொன்பது பேனா; ஒன்றும் ஒரு கோடு போடவில்லை. அங்கே பேனா எழுதாது என்பது சுமைக்காரர்களுக்குத் தெரியும். மச்சான் பெட்டியில் எண் போடும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து நீட்டினான். இயக்குநர் அதைப் பாய்ந்து வாங்கினார்.

"பென்சில் கையெழுத்து செல்லாது சார்" என்றார் பனியன் அதிகாரி. முப்பது வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மற்ற பதின்மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில்தான் அந்தக் கிடங்கில் அன்று கொஞ்சம் சூடு இருந்தது.

செல்லாத கையெழுத்தை வாங்கிக் கதவைத் திறந்தால் இன்னொரு மெமோ வருமே என்று மெழுகு தயங்கினான். அந்தத் தயக்கத்திலும் விவாதத்திலும் இருபது நிமிடம் முடிந்தது. முடிந்த நொடியில் திறந்தான். பதினான்கு பேரும் பிய்த்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். அங்கே நாற்பத்து நான்கு டிகிரி காத்திருந்தது. குளிரில் விறைத்தவர்கள் வெயிலில் சரிந்தார்கள். மெழுகு ஒவ்வொருவராகத் தூக்கி லாரியின் நிழலில் கிடத்தினான். பெட்டி தூக்கிப் பழகிய கை. மச்சான் அட்டையால் விசிறினான்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றான் மச்சான், இயக்குநரின் காதருகே. "இங்கயும் ஒரு இருபது நிமிஷம் படுத்திருந்தீங்கன்னா பன்னெண்டு டிகிரி வந்துடும்."

பதினான்கு பேரும் டாக்டரம்மாவிடமே போய்ச் சேர்ந்தார்கள். சுமைக்காரர்களுக்கு அன்று ஒரே நிம்மதி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். இனிச் சட்டம் மாறிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். மாறவும் செய்தது. இத்தனை நாள் துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத இயக்ககம் மூன்றே நாளில் அவசர உத்தரவு போட்டது. மச்சான் அதைப் பெட்டி மேல் ஏறி நின்று உரக்கப் படித்தான். கனமான கம்பளிக் கையுறை. கம்பளி மேலங்கி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு. சுடச்சுடப் பானம். கதவை எந்நேரமும் திறக்கலாம். மெழுகுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி வரியில் மச்சானின் குரல் இறங்கியது: 'மேற்கண்ட பாதுகாப்புகள், கிடங்குகளைப் பார்வையிடச் செல்வோருக்கு மட்டும் பொருந்தும்.'

நான்காவது வாரம் பதினான்கு ஜோடிக் கையுறையும் பதினான்கு மேலங்கியும் வந்து இறங்கின. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி வைத்துப் பூட்டினார்கள். தினமும் திறந்து தூசி தட்டி வைக்கும் பொறுப்பு மெழுகுக்குக் கிடைத்தது. சாவி அவன் இடுப்பில். வெறுங்கையால் கையுறைகளைத் தட்டி, உதறி, ஜோடி சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மைனஸ் இருபதுக்குள் போவான். ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளட்டுமா என்று மேலாளரிடம் கேட்டான். விதி இல்லை என்றார் மேலாளர், வருத்தத்தோடு.

மாதம் முடிந்தது. டாக்டரம்மா சொன்ன சொல் தவறவில்லை. சுண்டுவிரலை அடியோடு எடுத்துவிட்டார்.

விரல் போனதற்கு ஒரு மனு எழுதினான். இந்த முறை பதில் ஒரே பத்தி. மனுதாரரின் வலக்கையில் ஐந்து விரலும் இடக்கையில் நான்கு விரலும் உள்ளன. சராசரி, கை ஒன்றுக்கு நாலரை. அரை விரல் நடைமுறையில் இல்லாததால் அதை முழுமையாக்க, கை ஒன்றுக்கு ஐந்து. எனவே இழப்பு ஏதும் இல்லை.

மெழுகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனான். தையல்காரி வாங்கிக்கொண்டாள். பழைய உத்தரவு, சுற்றறிக்கை, அவசர உத்தரவு எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லித் தரையில் பரப்பினாள்.

"எவ்வளவு நல்லாத் தைச்ச துணியா இருந்தாலும் ஒரு நூல் வெளிய நீட்டிட்டு இருக்கும். அதைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துடும்" என்றாள். விரலால் தடவித் தடவிப் படித்தாள். அவசர உத்தரவின் ஆறாவது பக்கத்தில் விரல் நின்றது. "ஏங்க, பார்வையிடச் செல்வோர்னா யாருன்னு போட்டிருக்கு தெரியுமா? வாசல்ல இருக்கற பார்வையாளர் பதிவேட்டுல பேர் எழுதிட்டு உள்ள போற எவரும். எவரும்னா எவரும். நீங்க எத்தன பேரு?"

பதினான்கு பேர்.

மறுநாள் காலை பதினான்கு சுமைக்காரர்களும் வருகைப் பதிவேட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்வையாளர் பதிவேட்டில் வரிசையாகப் பெயர் எழுதினார்கள். மெழுகு அதில் அப்பா அம்மா வைத்த பெயரை எழுதினான். அலமாரியைத் திறந்தான். மேலங்கி மாட்டி, கையுறை போட்டு, கிடங்கைப் பார்வையிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து ஓய்வெடுத்தார்கள். மேலாளர்தான் சுடச்சுடப் பானம் போட்டுக் கொடுத்தார், விதி இருந்தது. பெட்டியைத் தூக்குங்களேன் என்று கெஞ்சினார். மச்சான் ஏழாம் பக்கத்தைக் காட்டினான். பார்வையிடச் செல்வோர் எப்பொருளையும் தூக்கலாகாது.

முற்றத்தில் லாரிகள் வரிசை கட்டின. மேலாளர் இயக்ககத்துக்கு அவசரமாக எழுதினார்: தொழிலாளர் ஒருவரும் இல்லை, பார்வையாளர் பதினான்கு பேர், என்ன செய்வது? பதில் அன்று மாலையே வந்தது. இயக்குநர் மூன்று கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்திருந்தார். பார்வையாளர் பதினான்கு, தொழிலாளர் பூஜ்யம். சராசரி ஏழு. எனவே தங்கள் கிடங்கில் ஏழு தொழிலாளர் பணியில் உள்ளனர். வேலை தடையின்றி நடந்து வருகிறது. வாழ்த்துகள்.

மேலாளர் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"அந்த ஏழு பேர் எங்கப்பா?"

மெழுகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இடக்கையைத் தூக்கி லாரிகள் பக்கம் காட்டினான். நான்கு விரலும் கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தன. ஐந்தாவது உறை மட்டும் உள்ளே ஒன்றுமில்லாமல் தொங்கியது. அதைத் தைத்து மூடிவிடட்டுமா என்று தையல்காரி கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். துறையின் கணக்குப்படி அதற்குள் ஒரு விரல் இருக்கிறது.